நிலக்கரிக் கழிவுக் குன்றைப் பொதுப் பூங்காவாக மாற்றுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அந்த இடத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு பள்ளமும் ஒரு மேடும்தான். பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து ஏரியாகிவிட்டால் பாதி வேலை தானாகவே முடிந்த மாதிரி. மேடுதான் தொல்லை பிடித்தது. கரியோடு சேர்ந்து வெளியே வந்த பாறை, களிமண், கரித்தூள், கரியைக் கழுவிய சேறு என்று பல பத்தாண்டுகள் கொட்டிக் கொட்டி எழுந்த குன்று அது. வெயிலில் கொதிக்கும், மழையில் கரையும், சில இடங்களில் உள்ளுக்குள் எரிந்துகொண்டும் இருக்கும்.

அப்படிப்பட்ட குன்றுகளில்தான் ஜெர்மனியின் ரூர் பகுதியிலும் வடக்கு பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் பிரிட்டனிலும் இன்று மக்கள் குழந்தைகளோடு ஏறிக் காற்று வாங்குகிறார்கள். வடக்கு பிரான்ஸின் சுரங்கப் பகுதி தன் கரிய குன்றுகளோடு சேர்த்து 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே முடியுமா என்ற கேள்வி முடிந்துபோன கேள்வி. எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இப்போதைய கேள்வி.

இந்தத் திட்டங்கள் பல இடங்களில் தலைகீழாகத் தொடங்குகின்றன. முதலில் நுழைவாயிலுக்குப் படம் வரைவார்கள், நீரூற்றுக்கு இடம் குறிப்பார்கள், திறப்பு விழாவுக்குத் தேதி பேசுவார்கள். குன்றுக்குள் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று அதுவரை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். முதலில் தண்ணீர், பிறகு வெப்பம், சரிவு, அமிலம், மண், செடி, கடைசியில்தான் மனிதர்கள். இந்த வரிசையை மாற்றினால் பிறகு இரட்டைச் செலவு.

உள்ளாட்சியில் இருப்பவர்கள், ஊர்க் குழுக்கள், சுரங்க மூடல் திட்டம் எழுதுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். மண் பொறியாளரின் வேலையை இது செய்துவிடாது. அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை இது சொல்லும்.

படி 1: குன்றின் பூர்வீகத்தைத் தேடுங்கள்

துளைபோடும் இயந்திரத்தைக் கூப்பிடுவதற்கு முன் பழைய வரைபடங்களையும் வான்படங்களையும் சேகரியுங்கள். குன்று எழுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது? ஓடையா, ஊற்றா, சதுப்பு நிலமா? எந்த ஆண்டில் எந்தப் பக்கம் கொட்டினார்கள்? அப்புறம், அங்கே வேலை பார்த்த பழைய தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். "கழுவின சேத்தை மேற்குப் பக்கம் குட்டை கட்டி ஊத்துவோம், அப்புறம் மேல பாறையைப் போட்டு மூடிட்டோம்" என்று ஒருவர் சொல்லும் ஒற்றை வரி, பத்துத் துளைகளுக்குச் சமம். எந்தக் கோப்பிலும் அது இருக்காது.

சேற்றுக் குட்டை என்று கேள்விப்பட்டாலே தனியாகக் கவனியுங்கள். மேலே காய்ந்த ஓடு ஒரு ஆளைத் தாங்கும், புல்டோசரைத் தாங்காது. 1972இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சேற்றைத் தேக்கியிருந்த அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். பழைய சேற்றுக் குட்டையைக் கண்டுபிடித்தால் அதன் மேல் வாகன நிறுத்தம் போடும் யோசனையை அன்றே கைவிடுங்கள்.

அதன் பிறகு களப்பணி. கட்டமிட்டு மண் மாதிரி எடுங்கள், மேல்மண்ணில் மட்டும் போதாது, ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்திலும் எடுக்க வேண்டும். அமிலத்தன்மை, கந்தகம், சுண்ணாம்புச் சத்து, உப்பு, ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள், கரியிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன்கள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகள் மண்ணில் விளையாடப்போகும் இடம் என்று ஆய்வகத்திடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காடு வளர்க்கும் இடத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அனுமதிக்கும் அளவுகள் ஒன்றல்ல.

மழை பெய்யும்போது ஒருமுறை, மழை விட்டு இரண்டு நாள் கழித்து ஒருமுறை குன்றைச் சுற்றி நடந்து பாருங்கள். அடிவாரத்தில் எங்கே ஈரம் கசிகிறது, எங்கே செம்மஞ்சள் படிவு தெரிகிறது, எங்கே மண் பிளந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத வேலை. பின்னால் செய்யப்போகும் பாதி முடிவுகள் இந்தக் குறிப்பிலிருந்துதான் வரும்.

படி 2: தண்ணீரைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்

இந்தத் துறையில் இருப்பவர்கள் யாரும் மறக்காத பெயர் ஆபர்ஃபான். வேல்ஸ் நாட்டில் இருக்கும் சிறிய சுரங்க ஊர். 1966 அக்டோபர் 21 காலை, ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருந்த 7ஆம் எண் கழிவு மேடு சரிந்து கீழே இருந்த தொடக்கப் பள்ளியையும் வீடுகளையும் மூடியது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். அந்த மேட்டை ஊற்றுகளின் மேல் கொட்டியிருந்தார்கள். ஊற்று நீரும் மழைநீரும் சேர்ந்து கழிவைக் குழம்பாக்கின. ஊற்று இருப்பது ஊருக்கே தெரிந்த விஷயம், வரைபடத்திலும் இருந்தது என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயல் மழையில் அதே வேல்ஸில் டைலர்ஸ்டவுன் அருகே பழைய கழிவு மேடு ஒன்று சரிந்து பள்ளத்தாக்கில் இறங்கியது. மேடு பல ஆண்டுகள் சும்மா நின்றது என்பதற்காக அது நிலையாக நிற்கிறது என்று பொருள் இல்லை. பெருமழையின் அளவு மாறிவரும் காலத்தில் இது இன்னும் உண்மை.

செய்ய வேண்டியவை என்ன? குன்றுக்குள் நீர்மட்டம் அளக்கும் குழாய்களை இறக்குங்கள். குறைந்தது ஒரு முழு மழைக்காலம் அவற்றை அளந்த பிறகுதான் சரிவு வடிவமைப்பு. மேலிருந்து வரும் நீர் குன்றைத் தொடாமல் சுற்றிப் போக மேல்புறத்தில் வெட்டு வாய்க்கால் எடுங்கள். சரிவில் படித்தட்டுகள் அமைத்து, ஒவ்வொரு தட்டும் லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கும்படி செய்து, அந்த நீரைக் கல் பதித்த வாய்க்காலில் இறக்குங்கள். ஊற்றின் மேல் குன்று நின்றால் அடிவாரத்தில் கல்வடிகால் போட்டு ஊற்றுக்கு வெளியே போக வழி விடுங்கள். ஊற்றை அடைக்க முயல்வது மிகக் கெட்ட யோசனை, அடைத்த நீர் வேறு பக்கம் வேலையைக் காட்டும்.

உச்சியில் குளம் வேண்டும் என்று யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். அழகாகத்தான் இருக்கும். ஆனால் குன்றின் தலையில் தண்ணீரைத் தேக்குவது என்பது கீழே இருப்பவர்களின் தலையில் தேக்குவது. குளம் அடிவாரத்தில் இருக்கட்டும், வழிந்துவரும் நீரைச் சேர்க்கவும் அது உதவும்.

படி 3: உள்ளே நெருப்பு இருக்கிறதா?

கழிவில் கரித்துண்டுகள் கலந்திருக்கும், பைரைட்டு என்ற இரும்புக் கந்தகத் தாதுவும் இருக்கும். காற்றும் ஈரமும் பட்டால் பைரைட்டு வெப்பம் கக்கும், அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்தால் கரி தானாகப் பற்றிக்கொள்ளும். லாரியிலிருந்தோ கயிற்றுத் தொட்டியிலிருந்தோ தளர்வாகக் கொட்டிய குன்றுகளில் பெரிய கற்கள் அடிக்கு உருண்டு போய்விடும், அந்த இடுக்குகள் வழியாகக் காற்று கீழிருந்து மேலே ஏறும். அடுப்புக்கு ஊதாங்குழல் வைத்ததுபோல.

அறிகுறிகள்: கந்தக நாற்றம், அதிகாலையில் சில இடங்களில் மட்டும் ஆவி, பிளவின் ஓரத்தில் மஞ்சள் படிகங்கள், சுற்றிலும் பச்சை இருக்க ஓரிடத்தில் மட்டும் கருகிய புல். குளிர்நாடுகளில் பனி எல்லா இடத்திலும் படிந்திருக்க ஒரு திட்டு மட்டும் உருகிக் கிடக்கும். சூரியன் எழும் முன் டிரோனில் வெப்பக் கேமரா வைத்துப் படம் எடுத்தால் திட்டுகள் பளிச்சென்று தெரியும். பகல் வெயிலில் எடுத்துப் பயனில்லை, கருப்பு மண் மொத்தமும் சூடாகத்தான் இருக்கும். மேற்பரப்புப் படத்தோடு நிறுத்தாமல் துளையிட்டு ஆழத்திலும் வெப்பம் அளக்க வேண்டும்.

எரியும் குன்றில் குழாயை நீட்டித் தண்ணீர் அடிப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். செய்யாதீர்கள். கொதிக்கும் கரியில் நீர் படும்போது நீராவி மட்டும் வராது, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வரும். இரண்டும் எரியும் வாயுக்கள். வடக்கு பிரான்ஸில் காலோன் ரிக்குவார் ஊரில் 1975 ஆகஸ்டில் எரிந்துகொண்டிருந்த குன்று ஒன்று வெடித்து, பக்கத்தில் வாழ்ந்த மக்கள் உயிரிழந்தார்கள்.

சரியான வழி மெதுவானது. எரியும் பகுதியை எக்ஸ்கவேட்டரால் பகுதி பகுதியாக வெட்டி எடுத்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி ஆறவிட்டு, மீண்டும் அடுக்கடுக்காக உருளையால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஆழத்தில் இருக்கும் நெருப்பை எடுக்கவே முடியாது என்றால், சரிவைத் தணித்து, களிமண் போர்த்திக் காற்றை அடைத்து, அந்தப் பகுதியை வேலி போட்டு ஆண்டுக்கணக்கில் வெப்பம் அளந்துகொண்டிருக்க வேண்டியதுதான். அனுபவமில்லாத ஒப்பந்தக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது, வெட்டும் இயந்திரமே உள்ளே இறங்கிவிடும்.

எரிந்து முடிந்த கழிவு செங்கல் நிறத்தில் கெட்டியாக இருக்கும். கரியெல்லாம் போய்விட்டதால் மறுபடி எரியாது, தண்ணீரும் நன்றாக வடியும். நடைபாதைக்கு அதைவிட நல்ல பொருள் அந்த இடத்தில் கிடைக்காது. ஆய்வகத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தனியாகக் குவித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: சரிவைத் தணிப்பதா, கூம்பைக் காப்பதா?

கொட்டிய கழிவு தானாக நிற்கும் கோணம் சுமார் 35 முதல் 37 பாகை. அதில் மண் தங்காது, விதை தங்காது, மனிதரும் ஏற முடியாது. பூங்காவுக்கு வழக்கமாகச் சொல்வது 3 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம், அதாவது சுமார் 18 பாகை. புல் வெட்டும் இயந்திரம் ஓட வேண்டும் என்றால் இன்னும் தணிவாக, 4க்கு 1.

இதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பலர் கணக்குப் போடுவதில்லை. 40 மீட்டர் உயரமுள்ள ஒரு கூம்பு, 36 பாகையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடியின் ஆரம் 55 மீட்டர். அதே மண்ணை 3க்கு 1 சரிவாக்கினால் உயரம் ஏறத்தாழ 24 மீட்டராகக் குறைந்து, ஆரம் 71 மீட்டராக விரியும். கூடுதலாகத் தேவைப்படும் நிலம் சுமார் ஒன்றரை ஏக்கருக்கு மேல். அந்த நிலம் யாருடையது? அங்கே வீடு இருக்கிறதா, வாய்க்கால் ஓடுகிறதா? புல்டோசர் வருவதற்கு முன் இதற்குப் பதில் வேண்டும்.

எல்லாக் குன்றையும் தணித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. வடக்கு பிரான்ஸில் லோஸ் ஆன் கோஹெல் ஊரின் இரட்டைக் குன்றுகள் கூர்மையான கரிய கூம்புகளாகவே நிற்கின்றன, சமவெளியில் வெகுதூரத்துக்குத் தெரிகின்றன, அந்த வடிவத்துக்காகவே மக்கள் தேடி வருகிறார்கள். பொறியாளர் உறுதித்தன்மையைச் சோதித்து, நிற்கும் என்று எழுதிக் கொடுத்தால், வடிவத்தை விட்டுவைத்து ஒரு பக்கம் மட்டும் ஏறும் பாதை அமைப்பதே என் கட்சி. தாத்தா காலத்திலிருந்து ஊர் பார்த்துப் பழகிய உருவத்தை மழுக்கி, எங்கேயும் இருக்கக்கூடிய ஒரு பச்சைத் திட்டாக்குவதில் செலவும் அதிகம், இழப்பும் அதிகம்.

சுரங்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கொட்டும்போதே வேண்டிய வடிவில் கொட்டச் சொல்லலாம். இங்கிலாந்தின் கிராம்லிங்டன் அருகே, படுத்திருக்கும் பெண்ணின் உருவில் 34 மீட்டர் உயரமும் 400 மீட்டர் நீளமும் உள்ள நார்தம்பர்லாண்டியா அப்படி வந்ததுதான். வடிவமைத்தவர் சார்ல்ஸ் ஜென்க்ஸ். பக்கத்துத் திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து வந்த 15 லட்சம் டன் பாறையும் களிமண்ணும் மண்ணும் அதில் இருக்கின்றன. 2012இல் பொதுமக்களுக்குத் திறந்தபோது சுரங்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒருமுறை லாரியில் ஏற்றிய மண்ணை மறுபடி ஏற்றி இறக்கும் செலவு அங்கே மிச்சம்.

படி 5: அமிலம்

நெருப்புக்குக் காரணமான அதே பைரைட்டுதான் இங்கேயும் வில்லன். காற்றும் நீரும் பட்டால் அது கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் பிரியும். மண்ணின் பிஎச் (அமில அளவைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 3க்கும் கீழே போவது உண்டு. அடிவாரத்தில் பார்த்த செம்மஞ்சள் படிவு இந்த இரும்புதான்.

இதில் ஏமாற்றக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. கழிவில் கொஞ்சம் இயற்கைச் சுண்ணாம்பு இருந்தால், முதல் ஓரிரு ஆண்டுகள் அது அமிலத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். பிஎச் நன்றாகக் காட்டும், புல் முளைக்கும், புகைப்படம் எடுப்பார்கள். சுண்ணாம்பு தீர்ந்ததும் எல்லாம் கருகும். ஆகவே இன்றைய பிஎச்சை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மொத்தத்தில் எவ்வளவு அமிலம் வரக்கூடும், எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்ற வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள்.

அந்தக் கணக்கு எளிது. 1000 டன் கழிவில் பைரைட்டுக் கந்தகம் 1 சதவீதம் இருந்தால், அதை முழுதும் சமன்செய்ய 31.25 டன் சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். ஒரு ஹெக்டேரில் மேல் 30 சென்டிமீட்டரை மட்டும் எடுத்தாலே 4800 டன் அளவுக்கு மண் வரும். சுண்ணாம்புத் தேவை சுமார் 150 டன். ஒரு ஹெக்டேருக்கு! மோசமான கழிவை மேலே வைத்துக்கொண்டு அதற்குச் சுண்ணாம்பு போட்டு மாளாது என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது. மண்வேலை நடக்கும்போதே அதிகக் கந்தகம் உள்ள கழிவைப் பிரித்து நடுவில் புதைத்து, களிமண்ணால் மூடி, நல்ல பாறைப்பொடியை மேலே கொண்டுவருவதுதான் மலிவு.

கசிந்து வரும் நீருக்குத் தனி ஏற்பாடு. படிக்கட்டுபோல அமைத்த கற்களில் விழச்செய்து காற்றூட்டி, இரும்பு படிய ஒரு படிவுக் குட்டையில் நிறுத்தி, பிறகு நாணல் வளர்ந்த ஈரநிலம் வழியாக அனுப்பினால் பெருமளவு இரும்பு நின்றுவிடும். நீர் கடும் அமிலமாக இருந்தால் முன்னாலேயே சுண்ணாம்புக்கல் படுகையும் வேண்டும். ஒரு மரப்பாலம் போட்டு அருகில் விளக்கப் பலகை வைத்தால் அந்தச் சுத்திகரிப்பு நிலையமே பூங்காவின் சுவாரசியமான மூலையாகிவிடும். படிந்த சேற்றை அவ்வப்போது அள்ளி அகற்ற வேண்டும் என்பதைப் பராமரிப்புச் செலவில் எழுத மறக்காதீர்கள்.

படி 6: இறுக்கமும் தளர்வும்

முழு வேலையிலும் அதிகம் சண்டை வருவது இங்கேதான். மண் பொறியாளர் "இறுக்குங்கள்" என்பார். காற்றும் நீரும் உள்ளே போகாமல் இருந்தால்தான் நெருப்பும் சரிவும் வராது. மரம் வளர்ப்பவர் "தளர்த்துங்கள்" என்பார். கனரக இயந்திரம் ஓடிய நிலத்தில் வேர் ஒரு சாணுக்கு மேல் இறங்காது. இருவர் சொல்வதும் சரி. ஆனால் திட்டத்தில் ஒருவர் குரல் மட்டும் கேட்டால் பூங்கா ஒன்று எரியும் அல்லது மொட்டையாக நிற்கும்.

தீர்வு, அடுக்கில் இருக்கிறது. உள்ளுடலை அடுக்கடுக்காக நன்றாக இறுக்குங்கள். அதன் மேல் ஒரு மீட்டருக்குக் குறையாமல் வளர்ப்பு அடுக்கைத் தளர்வாகக் கொட்டி அப்படியே விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் சுரங்க நிலங்களில் காடு மீட்பவர்கள் பின்பற்றும் முறையும் இதுதான், அவர்கள் சொல்வது 4 அடி ஆழத் தளர்வான மண். லாரி கொட்டிய குவியல்களை ஒருமுறை மட்டும் லேசாகத் தட்டிவிட்டால் போதும். மேடும் பள்ளமுமாக இருப்பது நல்லது, மழைநீர் அங்கங்கே நின்று இறங்கும், விதையும் சருகும் சேரும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மேலதிகாரி ஒருவர் வந்து சமன்செய்யச் சொல்வார். அந்த நாளில் உறுதியாக நில்லுங்கள். புல்டோசர் ஓட்டுநர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நிலத்தை வழவழவென்று இழைத்துக் கொடுப்பதுதான் நல்ல வேலை என்று அவர்கள் கற்றுத் தேர்ந்தவர்கள், கரடுமுரடாக விட்டுவிட்டுப் போக மனசு வராது.

ஏற்கெனவே இறுகிப்போன இடங்களில் கொழுமுனை மாட்டிய டிராக்டரால் அரை மீட்டருக்கு மேல் ஆழமாகக் கீறிவிடுங்கள். சமவுயரக் கோட்டிலேயே கீற வேண்டும், மேலிருந்து கீழாகக் கீறினால் மழைக்கு நீங்களே வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாகும்.

மேல்மண் வெளியிலிருந்து வாங்கிப் போர்த்தலாமா? பணம் இருந்தால் விளையாட்டுத் திடலுக்கும் புல்வெளிக்கும் போடுங்கள். ஆனால் ஒரு பூங்காவுக்காக வேறொரு வயலின் மேல்மண்ணைச் சுரண்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மட்கிய உரம், மரத்தூள், சோதித்துப் பார்த்த கழிவுநீர் நிலையச் சேறு ஆகியவற்றைக் கலந்தால் பாறைப்பொடியும் சில ஆண்டுகளில் மண்ணாகும்.

படி 7: செடி, புல், மரம், கொஞ்சம் வெறுமை

கழிவில் செடிக்குப் பற்றாக்குறையாக இருப்பது முக்கியமாக நைட்ரஜனும் பாஸ்பரசும். உரத்தைக் கொட்டினால் ஒரு பருவம் பச்சையாக இருக்கும், மழையில் கரைந்து ஓடிவிடும். நிலம் தன் காலில் நிற்க ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1000 கிலோ நைட்ரஜன் மண்ணில் சேர வேண்டும் என்பது இத்துறையின் பொதுவான மதிப்பீடு. மூட்டை மூட்டையாக உரம் வாங்கி அதை அடைய முடியாது. வேரில் நைட்ரஜன் சேர்க்கும் செடிகள்தான் வழி. குளிர்ப் பகுதிகளில் குளோவரும் ஆல்டர் மரமும், வெப்பப் பகுதிகளில் கொழிஞ்சி, சணப்பை, புங்கம், சவுக்கு போன்றவையும் இந்த வேலையைச் செய்யும்.

புல்லை அடர்த்தியாக விதைக்கும் ஆசையை அடக்குங்கள். அடர்ந்த புல் மரக்கன்றின் தண்ணீரைப் பிடுங்கிக்கொள்ளும். அரிப்பைத் தடுக்கும் அளவுக்கு மெலிதாக விதைத்தால் போதும். கன்றுகளும் சிறியனவாகவே இருக்கட்டும். ஆளுயர மரங்களை நட்டால் திறப்பு விழாவுக்கு நன்றாக இருக்கும், ஆனால் கைநீளக் கன்று அந்த மண்ணுக்குப் பழகி மூன்று நான்கு ஆண்டுகளில் அவற்றைத் தாண்டிவிடும். கருப்பு மண் கோடையில் 50 பாகை செல்சியஸைத் தாண்டிச் சுடும். தண்டின் அடிப்பகுதி அந்தச் சூட்டில்தான் வேகும். ஆகவே ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் வைக்கோலோ மரத்தூளோ மூடாக்காகப் போடுங்கள். பக்கத்துக் காட்டின் மண்ணைக் கைப்பிடி அளவு குழியில் சேர்த்தால் வேருக்குத் துணையான பூஞ்சைகளும் கூடவே வரும்.

ஒரே இன மரத்தை வரிசை வரிசையாக நடாதீர்கள். வேகமாக வளர்கிறது என்று அயல்நாட்டு அகேசியாவையோ ரொபீனியாவையோ நிரப்பிவிட்டுப் பிறகு அதை ஒழிக்க வழி தெரியாமல் முழித்த இடங்கள் உலகெங்கும் உண்டு.

பச்சையாக்கியே தீருவேன் என்ற பிடிவாதமும் வேண்டாம். வடக்கு பிரான்ஸின் குன்றுகளில் வெறும் கரிய சரிவுகள் வெயிலை உறிஞ்சிச் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கின்றன. அந்தச் சூட்டை விரும்பும் செடிகளும் பூச்சிகளும் அங்கே குடியேறியிருக்கின்றன, அடிவாரக் குட்டைகளில் அரிய தேரைகள் இனப்பெருக்கம் செய்கின்றன. நிலையான, அமிலமில்லாத சில சரிவுகளை அப்படியே விட்டுவைப்பது செலவில்லாத இயற்கைப் பாதுகாப்பு.

படி 8: மனிதர்கள் வரட்டும்

இப்போதுதான் பூங்கா வரைபடத்தை விரிக்கலாம். பாதையிலிருந்து தொடங்குங்கள். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் ஏற வேண்டும் என்றால் 20க்கு 1 ஏற்றம் வசதி. 24 மீட்டர் உயரக் குன்றுக்கு அந்தக் கணக்கில் 480 மீட்டர் பாதை வேண்டும், குன்றைச் சுற்றிச் சுற்றி வளைந்து ஏறும். அவசரக்காரர்களுக்கு நேரே ஏறும் படிக்கட்டு ஒன்றும் கட்டாயம் வையுங்கள். இல்லாவிட்டால் அவர்களே குறுக்குவழி போடுவார்கள், அந்தத் தடம் ஒரு மழைக்காலத்தில் ஓடையாகும்.

மோட்டார் சைக்கிள் இன்னொரு தலைவலி. குன்று என்று ஒன்று இருந்தால் இளைஞர்கள் வண்டியோடு வருவார்கள், வேலி போட்டால் வேலியை வெட்டுவார்கள். உறுதியான ஒரு சரிவைத் தேர்ந்து சைக்கிள் தடம் ஒன்றை ஒழுங்காக அமைத்துக் கொடுத்து, அதை ஓட்டுபவர்களையே அதன் பராமரிப்பில் சேர்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும். மோட்டார் வண்டிகளுக்கு நுழைவாயிலில் குறுகிய தடுப்பு, சக்கர நாற்காலி மட்டும் நுழையும் அளவில்.

விளையாட்டு அம்சங்களைக் குன்று முழுவதும் தெளிக்காமல் ஒரு பக்கத்தில் குவியுங்கள். பெல்ஜியத்தின் பெரிங்கனில் 60 மீட்டர் உயரக் கழிவுக் குன்றின் ஒரு சரிவில் மட்டும் 2016இல் சாகச விளையாட்டு இடம் அமைத்தார்கள். சுரங்கத்தைத் தாங்கிய மரத்தூண்களை நினைவூட்டும்படி ஒரு தூண்காடு, அதற்கு மேலே ஏறவும் தவழவும் கோணலான பரப்பு, உச்சியில் பார்வைத் திடல். மற்ற சரிவுகள் அமைதியாகவே இருக்கின்றன. பிரான்ஸின் நுவே லே மீன் ஊரில் குன்றின் மேல் செயற்கைப் பனிச்சறுக்குத் தடம் 1996இலேயே வந்துவிட்டது. ஜெர்மனியின் பாட்டராப் நகரில் ஹானியல் குன்றின் உச்சியில் திறந்தவெளி அரங்கமும், ரயில் தண்டவாளக் கட்டைகளால் ஆன வண்ணக் கம்பங்களின் வரிசையும் இருக்கின்றன. அதை உருவாக்கியவர் ஸ்பெயின் கலைஞர் அகுஸ்தின் இபரோலா.

உச்சியில் எதையாவது கட்ட வேண்டும் என்று தோன்றும், ஏறி வந்தவர்களுக்கு ஒரு பரிசு வேண்டும்தானே. ஆனால் கழிவு பல ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே இருக்கும், ஒரே சீராகவும் அமுங்காது. எடை குறைந்த எஃகுச் சட்டகம், சமன்செய்துகொள்ளக்கூடிய அடித்தளம், இடிதாங்கி, இவை இருந்தால் கட்டலாம். பாட்டராப்பிலேயே இன்னொரு குன்றின் மேல் 1995இல் எழுந்த 60 மீட்டர் பக்க அளவுள்ள எஃகு நான்முகி நல்ல எடுத்துக்காட்டு. உள்ளே படிகளும் பார்வைத் தளங்களும் உண்டு. எதிர்மாறான பாடம் அதே ரூர் பகுதியின் ஹோஹேவார்ட் குன்றில் கிடைக்கும். 2008இல் திறந்த பிரம்மாண்ட வளைவுகள் கொண்ட வானோக்குத் திடல், எஃகில் விரிசல் தெரிந்ததால் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. அதைச் சரிசெய்யும் விவகாரம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நிழலும் இருக்கையும் குடிநீரும் இல்லாத உச்சியில் சிற்பத்துக்குப் பணம் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கழிப்பறை, கடை, அலுவலகம் எல்லாம் அடிவாரத்தில் இயற்கையான தரையில் இருக்கட்டும். பழைய சுரங்க வாய்கள் எங்கே மூடப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, அவற்றுக்கு அருகில் மூடிய அறைகள் வேண்டாம். மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் கசியக்கூடும்.

படி 9: பணமும் பொறுப்பும்

எந்தக் குன்றும் பரிசாக வராது, பொறுப்போடுதான் வரும். சுரங்க நிறுவனம் நிலத்தை இலவசமாகத் தருகிறோம் என்றால், நாளை சரிவோ கசிவோ வந்தால் யார் செலவழிப்பது என்று எழுத்தில் வாங்குங்கள். சீரமைப்புக்கான வைப்புத்தொகை சுரங்கம் ஓடும்போதே தனிக் கணக்கில் சேர வேண்டும். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தை, நார்தம்பர்லாண்டியாவை வடிவமைத்த அதே ஜென்க்ஸின் வடிவமைப்பில், நிலத்தையே செதுக்கிய ஒரு பெரிய கலைப்படைப்பாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். 2013இல் சுரங்க நிறுவனம் திவாலானது, வேலை பாதியில் நின்றது.

ஆபர்ஃபானில் நடந்தது இன்னும் கொடுமை. ஊருக்கு மேலே மிச்சமிருந்த மேடுகளை அகற்றும் செலவுக்கு, பாதிக்கப்பட்டவர்களுக்காக மக்கள் கொடுத்த நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டது. அந்தத் தொகை திரும்பி வந்தது 1997இல், வட்டியில்லாமல். கட்டுமானத்துக்கு நிதி கேட்கும்போதே அடுத்த 20 ஆண்டுகளின் பராமரிப்புக்கும் சேர்த்துக் கேளுங்கள், அதைத் தனிக் கணக்கில் பூட்டுங்கள்.

படி 10: பகுதி பகுதியாகத் திறப்பு, தொடர்ந்து கண்காணிப்பு

ஆய்வுக்கு ஓராண்டு, மண்வேலைக்கு ஒன்றிரண்டு ஆண்டுகள், புல்லும் கன்றும் பிடிக்க இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள். அதுவரை ஊரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. அடிவாரப் பூங்காவையும் சுற்றுப்பாதையையும் முதலில் திறந்துவிடுங்கள். மேல் சரிவுகள் ஒரு முழு மழைக்காலத்தைத் தாங்கிக் காட்டிய பிறகு உச்சிப் பாதை. பள்ளிக் குழந்தைகளைக் கன்று நட அழைப்பது, பழைய தொழிலாளர்களை வழிகாட்டிகளாக்குவது எல்லாம் இந்த இடைவெளியில் நடக்கட்டும்.

திறந்த பிறகு ஒரு நோட்டும் ஒரு பொறுப்பாளரும் வேண்டும். மழைக்காலத்துக்கு முன் எல்லா வாய்க்கால்களையும் தூர்வார வேண்டும். நீர்மட்டக் குழாய்களை மாதம் ஒருமுறையும், பெருமழைக்கு மறுநாளும் அளக்க வேண்டும். வெப்பத் துளைகளை ஆண்டுக்கு இரண்டுமுறை. கசிவு நீரின் பிஎச்சையும் இரும்பையும் பருவந்தோறும். உச்சி ஓரத்தில் புதுப் பிளவு, அடிவாரத்தில் புதுப் புடைப்பு, தெளிவாக வந்த கசிவு திடீரென்று கலங்குவது, சாய்ந்து நிற்கும் மரம், இந்த நான்கில் எது தெரிந்தாலும் பொறியாளர் வந்து பார்க்கும்வரை அந்தப் பக்கத்தை மூடிவிட வேண்டும். மூடும் அதிகாரம் அந்தப் பொறுப்பாளரின் கையிலேயே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமையில் மேலிடத்தின் கையெழுத்துக்காக அவர் அலையக்கூடாது.